வனாந்தரம் முழுவதும் தண்டனை அல்ல

ஆட்குறைப்பில் வேலை இழந்த சகோதரரிடம், ‘பாவம் செய்ததால்தான் இஸ்ரவேலர் வனாந்தரத்துக்குப் போனார்கள், நீங்களும் மனந்திரும்புங்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேதம் அப்படிச் சொல்லவே இல்லை. எகிப்திலிருந்து புறப்பட்ட அவர்கள் யுத்தத்தைக் கண்டு மனமடிந்து எகிப்துக்கே திரும்பிவிடக் கூடாது என்று, பெலிஸ்தர் நாட்டுக் கிட்டின வழியை விட்டு வனாந்தர வழியாய் நடத்தியவர் தேவனே (யாத்திராகமம் 13:17, 18). 40 ஆண்டு வனாந்தரத்தில் அலைய வேண்டும் என்ற தீர்ப்பு பிறகுதான் வந்தது. கானான் தேசத்தைப் பார்த்துவந்த வேவுகாரரின் பேச்சைக் கேட்டு ஜனங்கள் முறுமுறுத்தபோது (எண்ணாகமம் 14). அந்தக் கலகத்தில் சேராத காலேபும் யோசுவாவும்கூட அதே மணலில்தான் நடந்தார்கள். தண்டனைக் காலத்திலும் தேவன் தந்த உணவான மன்னா நின்றுபோகவில்லை. உடுத்திய வஸ்திரம் பழசாகவில்லை, கால் வீங்கவில்லை.

சிங்கப்பூரில் வேலை போனால் வீட்டுக் கடனே கழுத்தை நெரிக்கும். அதன்மேல் இல்லாத பழியையும் ஏற்றாதீர்கள். சகோதரரே, அந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.