பார்வையாளருக்குக் கவலையில்லை என்பது சரியா?

காட்சி நன்றாக இருந்தால் அது எப்படி உருவானது என்று தொலைக்காட்சிப் பார்வையாளர் கேட்கப்போவதில்லை என்று, தொலைக்காட்சித் தொடர்களில் செயற்கை நுண்ணறிவு பற்றிய கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 2023 ஜூனில் மார்வெலின் ‘சீக்ரெட் இன்வேஷன்’ தொடர் வெளியானபோது, பச்சை படர்ந்து உருகிக் குழையும் முகங்களைக் கொண்ட அதன் தொடக்கப் பெயர்க்காட்சி செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று தெரியவந்ததும் கலைஞர்கள் மட்டுமல்லர், ரசிகர்களும் கண்டித்தார்கள். உருமாறும் வேற்றுக்கிரகவாசிகளின் கதைக்கு அந்த நிலையற்ற தோற்றம் பொருந்தியது என்பதை மறுக்கமாட்டேன். எத்தனை ஓவியர்களின் கோடுகளை அனுமதியின்றி விழுங்கி அம்மென்பொருள் அதைக் கக்கியது என்பதே கேள்வி.

அப்போது ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். 148 நாள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தை முடித்துவைத்த ஒப்பந்தம், இயந்திரம் எழுதித் தந்த உரையை எழுத்தாளரிடம் ஒப்படைக்கும் நிறுவனம் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று விதித்தது. பழைய திரைக்கதைகளைக் கொண்டு மென்பொருளைப் பயிற்றுவிப்பதற்கோ அதில் திட்டவட்டமான தடை இல்லை. அப்படிப் பயிற்றுவிப்பதை எதிர்க்கும் உரிமையை மட்டும் எழுத்தாளர் சங்கம் தக்கவைத்துக்கொண்டது.

2025இல் அர்ஜென்டினத் தொடரான ‘எல் எட்டர்னௌட்டா’வில் கட்டடம் இடிந்து விழும் காட்சி செயற்கை நுண்ணறிவால் பத்து மடங்கு விரைவாக முடிந்ததாக நெட்ஃபிளிக்ஸ் பெருமைப்பட்டது. அந்த விரைவால் மிச்சமான கூலி யாருடையது என்பதைக் கட்டுரை தொடவேயில்லை.