பழைய டபுள் பேஸில் உப்புத்தாள் போடாதீர்கள்

கே நிறுவனத்தின் பழைய டபுள் பேஸ் (வயலின் குடும்பத்திலேயே மிகப் பெரிய தந்தி வாத்தியம்) ஒன்றின் நிறத்தை மாற்றுவது எப்படி என்று கேட்டவருக்கு, "வார்னிஷ் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, பிரிந்த விளிம்பை எபாக்ஸியால் ஒட்டி, பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்று இன்னொருவர் சொல்லியிருப்பது தவறு. தயவுசெய்து செய்துவிடாதீர்கள்.

1940களில் சிகாகோவின் கே நிறுவனம் செய்த பேஸ்கள் பிளைவுட்டால் ஆனவை. மேலடுக்கு மிக மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் அடியடுக்கு தெரிந்துவிடும். எபாக்ஸி அதைவிட மோசம். விளிம்புக்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசை போடுவதே, மரம் சுருங்கும்போது பலகை பிளக்காமல் ஒட்டு மட்டும் விட்டுக்கொடுக்கத்தான். பிரிந்த இடத்தைச் சுத்தம் செய்து அதே பசையால் மறுபடி ஒட்டலாம். எபாக்ஸி போட்டால் அடுத்த முறை பலகையே பிளக்கும்.

நிறம் மாற்றியே தீரவேண்டுமா? அழுக்கைத் துடைத்துவிட்டு, பழைய பூச்சின் மேலேயே மெல்லிசாகப் பூசுங்கள். தந்திகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். உள்ளே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நிற்கும் ஒலித்தூண் என்ற மரக்குச்சி ஒட்டப்படாதது, அழுத்தத்தில்தான் நிற்கிறது, சாய்ந்துவிடும்.