இட்லிக்கும் பிரியாணிக்கும் ஒரே அலைச்சல்தானே

சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களுக்கும் பில்லில் 10 சதவீதம் டிப்ஸ் கொடுக்கலாம் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது சரி, டெலிவரிக்கு எப்படிங்க பொருந்தும்? 80 ரூபாய் இட்லியானாலும் 800 ரூபாய் பிரியாணியானாலும் மழை நாளில் சென்னை வேளச்சேரியில் தேங்குகிற தண்ணீருக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற பாடு ஒன்றுதான். தூரம், மழை, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, இதைப் பார்த்து 20, 30, 50 என்று கொடுங்கள். ஆப் பில்லில் சேர்க்கிற பிளாட்ஃபார்ம் கட்டணம் கம்பெனிக்குப் போகிறது, அது டிப்ஸ் இல்லை. இது தெரியாதவர்கள் எங்கள் அபார்ட்மெண்டிலேயே நிறைய. நான் டிப்ஸை ஆப்பில் முன்கூட்டியே போடாமல், டெலிவரிக்காரர் வாசலில் வந்து நின்றதும் ஜிபேயில் அனுப்பிவிடுவேன், அவர் கண் முன்னாலேயே பணம் அவருக்குப் போய்விடும். அப்புறம், சர்வீஸ் லிஃப்டில்தான் வரணும் என்று டெலிவரிக்காரர்களைச் சுற்றவிடுகிற அபார்ட்மெண்ட் அசோசியேஷன்காரர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்க சார்.