விட்ட பலூன் எங்கே போய் விழும்?

சுதந்திர தினத்தன்று பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்ததையும், அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு விழுந்த திட்டுகளையும் இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. மூவர்ண கேஸ் பலூன்களில் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையைக் கட்டி விட்டு, யாருடைய பலூன் அதிக தூரம் போகிறதோ அந்தக் குழந்தைக்குப் பரிசு என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் வைத்த போட்டி தவறு என்று அந்தக் குழுவில் எழுதினேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். விட்ட பலூன் எங்கேயாவது விழுந்தே தீரும். விழுகிற இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், மாடு இருக்கிறது, மீன் இருக்கிறது.

"அது பாட்டுக்குப் போயிடும் சார், உங்களுக்கு என்ன வந்தது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கே போகும் என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்தார்களா?

ஹீலியம் அடைத்த ரப்பர் பலூன் விநாடிக்கு 2 மீட்டர் ஏறினாலும் ஒரு மணி நேரத்தில் 7 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். மேலே காற்றழுத்தம் குறையக் குறைய அது பெருத்துக்கொண்டே போகும். 8, 10 கிலோமீட்டரில் கடுங்குளிரில் ரப்பர் விறைத்து வெடிக்கும். இது நன்றாக அடைத்து இறுக்கி முடிச்சுப் போட்ட பலூனின் கதை. குறைவாக அடைத்தது, வாய் கசிவது, அட்டையின் பாரம் கீழே இழுப்பது எல்லாம் அவ்வளவு உயரம் போகாது. தாழ்வாகவே காற்றோடு மணிக்கணக்கில் மிதந்து, முழுசாக இறங்கும். 2001-இல் இங்கிலாந்தில் ஒரு சிறுமி விட்ட பலூன் சுமார் 225 கிலோமீட்டர் போய் விழுந்தது. இங்கிருந்து கிட்டத்தட்ட கிருஷ்ணகிரி தூரம். வெள்ளி நிறத்தில் ஃபாயில் பலூன் இருக்கிறதே, அது இன்னும் மோசம். அமெரிக்காவில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஒரு ஃபாயில் பலூனில் சின்ன டிரான்ஸ்மிட்டரைக் கட்டி, வெடிக்காதபடி அளவாக அடைத்து விட்டார்கள். அது உலகத்தை ஆறு முறை சுற்றிவிட்டு, ஏழாவது சுற்றில் 2023 பிப்ரவரியில் அலாஸ்கா பக்கம் காணாமல் போனது. தூரம் எவ்வளவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூரமாகப் போனால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்குக் காலையில் அடித்தது கச்சான் காற்று. ஆகஸ்ட் மாதத்தில் விடியற்காலையிலிருந்தே மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும், குப்பத்தில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். சில கிலோமீட்டர் உயரம் வரைக்கும் அதே மேற்குக் காற்றுதான். அப்படியானால் அந்தப் பலூன்களில் பெரும்பாலானவை வங்காள விரிகுடாவுக்குத்தான் போயிருக்கும். "இன்னும் ஒரு போன்கூட வரவில்லையே" என்று ஒரு அம்மா குழுவில் வருத்தப்பட்டிருந்தார். கடலிலிருந்து யாரம்மா போன் செய்வார்கள்?

என் மச்சான் கடலுக்குப் போகிறவர். நானும் அதே கரையில் பிறந்தவன்தான், இப்போது நாலு தெரு தள்ளி ஃபிளாட்டில் இருக்கிறேன். போன மாதம் அவர் மணலில் உட்கார்ந்து வலையைச் சரி செய்துகொண்டிருந்தார். ரோஸ் நிற ரிப்பன் ஒன்று கண்ணி கண்ணியாக நுழைந்து முறுக்கிக்கொண்டிருந்தது. நுனியில் பலூன் தோல், வழவழவென்று பாசி பிடித்து. அதில் ஏதோ கடைத் திறப்பு விழா எழுத்து பாதி அழிந்திருந்தது. ரிப்பனைப் பிரிக்க முடியாது, இழுத்தால் இன்னும் இறுகும். பிளேடை எடுத்து வலையை அறுத்தார். ரிப்பன் கட்டிய கடைக்காரருக்கு அதில் ஒரு பைசா நஷ்டம் கிடையாது. மச்சானுக்கு ஒரு காலைப் பொழுது போனது.

இது இயற்கை ரப்பர், மரத்துப் பால், மக்கிவிடும் என்று ஒருவர் பாடமே எடுத்தார். 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ரப்பர் பலூன்களைக் கடல் நீரிலும் நன்னீரிலும் உரக்குழியிலும் 16 வாரம் போட்டுப் பார்த்தார்கள். பலூன் பலூனாகவே இருந்தது. ரிப்பன் சுத்த பிளாஸ்டிக், அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பட்டியலில் பலூன் குச்சி இருக்கிறது. குச்சியைக் கையில் பிடித்தால் குற்றம், ரிப்பனைக் கடலில் விட்டால் தேசபக்தியா?

"மீனம்பாக்கத்தில் வானிலை ஆபீஸும்தான் பலூன் விடுகிறது" என்று இன்னொருவர். ஆமாம், விடுகிறது. காற்றும் ஈரமும் வெப்பமும் அளக்க 30 கிலோமீட்டர் உயரம் வரை அனுப்புகிறார்கள். அந்த அளவுகளையும் வைத்துத்தான் புயல் எச்சரிக்கை தயாராகிறது, அதைக் கேட்டுத்தான் எங்கள் ஆட்கள் கரையிலேயே நிற்கிறார்கள். அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பட்டம் விடுவதும் தப்பா என்று கேட்டவருக்கும் ஒரு பதில். மாஞ்சா நூல் கழுத்தை அறுத்தது, தடை செய்தார்கள். குழந்தைகளின் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டதாக அப்போது யாரும் சண்டைக்கு வரவில்லை.

இழுவலையில் செத்த ஆமைகளைக் கேள் என்றவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2025 ஜனவரியில் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை நானும் பார்த்தேன். அதைக் கேட்போம், சேர்ந்தே கேட்போம். அதற்காக இதைக் கேட்கக் கூடாதா?

இது அறிவியல் செயல்பாடு என்று சங்கத்தில் சொன்னார்களாம். அறிவியல் என்றால் அந்தக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லியிருக்கலாமே: 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தார். மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்து பார்த்தார். பலூனில் அடைக்கிற ஹீலியம் வாயுவின் தடம் அந்த ஒளியில் முதலில் கிடைத்தது அந்த நாளில்தான். இன்றைக்கு அதே ஹீலியத்தை நாம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம், எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தத்தைக் குளிர்விக்க அதுதான் வேண்டும். இதைச் சொல்லியிருந்தால் எந்தக் குழந்தை கேட்காமல் போயிருக்கும்?

இதுவரை சொன்னதெல்லாம் வாதம். என்னைக் குத்தியது வேறு. "முதலில் குப்பத்து ஆளுங்க பீச்சை எப்படி வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வந்து பேசுங்க" என்று ஒருவர் எழுத, அதற்குப் பதினேழு பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள். தினமும் லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் அதில் உண்டு.

1986 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிதி திரட்ட ஒரே நேரத்தில் சுமார் 15 லட்சம் பலூன் விட்டார்கள். மழையோடு குளிர்காற்று வந்து மோத, ஏராளமான பலூன்கள் கீழே இறங்கிவிட்டன. விமான ஓடுபாதையை மூடினார்கள், ஈரி ஏரி முழுக்கப் பலூன். முந்தைய நாள் ஏரியில் மீன் பிடிக்கப் போன இருவரைக் காணவில்லை. தேடிப் போன கடலோரக் காவல்படைக்குத் தண்ணீரில் தெரிவது பலூனா தலையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிறகு இருவரின் உடலும் கரை ஒதுங்கியது. பலூன்தான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. கடலுக்குப் போனவரைத் தேடி இரவெல்லாம் கரையில் நின்ற வீடு எங்களுடையது. நான் சொல்வது அவ்வளவுதான்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கப் போகிறேன்: சங்க நிகழ்ச்சி எதிலும் பலூன் பறக்கவிடக் கூடாது. எதிர்க்கிறவர்கள் நேரில் வந்து எதிர்க்கட்டும். மச்சானையும் கூட்டி வருகிறேன், குப்பத்து ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.