ஒரு மனிதரை 'பாசில்' என்று சொல்வதற்கு முன்

எங்கள் அலுவலகத்தில் போன மாதம் ஒரு அண்ணன் ஓய்வு பெற்றார். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில், "கடைசி பாசிலும் கிளம்பிருச்சு" என்று ஒருவர் போட, வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள் விழுந்தன. அண்ணனும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

எனக்கு மனசு ஆறவே இல்லை. அவரையும் அவமதித்தோம், அந்தச் சொல்லையும் அவமதித்தோம்.

பாசில் (fossil) என்பது ஆதிகாலத்து உயிர் ஒன்று மண்ணுக்குள் கல்லாகி மிஞ்சியது. லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்குத் 'தோண்டி எடுத்தது' என்றுதான் பொருள். உதவாதது என்ற அர்த்தம் நாம் பிற்பாடு ஏற்றிவிட்டது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது ஒரு மரம். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கமெல்லாம் கடல். சேற்றில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் இறங்கி, நார் இருந்த இடத்தில் நாரின் வடிவத்திலேயே கல்லாகப் படிந்துவிட்டது. செத்த மரமெல்லாம் இப்படி ஆவதில்லை. அநேகமாக எல்லாமே மட்கி மண்ணாகிவிடும். அபூர்வமாக ஒன்றுதான் தப்பி நின்று, இங்கே கடல் இருந்தது என்று சாட்சி சொல்கிறது.

நம் ஊரில் இதைத் 'தொல்லுயிர் எச்சம்' என்கிறோம். புதைபடிவம் என்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். பறவை போடுவதும் எச்சம்தான், அதிலிருந்துதான் கோயில் கோபுரத்தில் ஆலங்கன்று முளைக்கிறது. பெற்ற பிள்ளையும் எச்சம். வள்ளுவரோ புகழையே 'இசையென்னும் எச்சம்' என்றார். இலக்கணத்தில் 'வந்து' என்று சொல்லி நிறுத்தினால் அது வினையெச்சம். முடிந்துபோனதில்லை, அடுத்த வினைக்காக நிற்கிறது. இவ்வளவு உயிருள்ள சொல்லை வைத்துக்கொண்டு, ஒருவரை மட்டம் தட்ட 'பாசில்' என்கிறோமே!

நேற்று ஒரு பாட்டி மடிப்பெல்லாம் கிழிந்த பழைய பத்திரத்தோடு வந்தார். அதிலிருந்த பழைய சர்வே எண்ணுக்கு இப்போதைய எண் எது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அண்ணனுக்குத்தான் போன் போட்டோம்.

"மூணாவது பீரோ, கீழ்த்தட்டு, அட்டை பிஞ்ச பதிவேடும்மா. பாட்டிய உக்கார வச்சுப் பாருங்க" என்றார்.

அங்கேயேதான் இருந்தது.

குழுவில் அதைப் போட்ட தம்பி, இதைப் படித்தால் அண்ணனுக்கு ஒரு போன் போடுப்பா.