லீ சரணடைந்த அன்றே எல்லாப் படையும் சரணடையவில்லை

"அமெரிக்க உள்நாட்டுப் போர் முழுக்கத் தென்மாநிலப் படைகள் அனைத்துக்கும் ராபர்ட் லீதான் தலைமைத் தளபதி. 1865 ஏப்ரல் 9 அன்று அவர் சரணடைந்ததும் மொத்தப் படையும் ஆயுதத்தைக் கீழே வைத்தது." இப்படி ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1862 ஜூன் முதல் லீ நடத்தியது வடக்கு வர்ஜீனியப் படை என்ற ஒன்றைத்தான். டென்னசிப் பக்கம் வேறு படை, வேறு தளபதி. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இன்னொன்று. தென்மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இருந்துகொண்டு இவர்கள் எல்லோருக்கும் மேலே உத்தரவிட்டவர் தென்மாநிலங்களின் அதிபர் ஜெபர்சன் டேவிஸ். லீக்குத் தலைமைத் தளபதி பதவி வந்தது 1865 பிப்ரவரியில்; அப்போது அவருடைய சொந்தப் படையே பீட்டர்ஸ்பர்க் பதுங்குகுழிகளில் பசியோடு கிடந்தது. வடக்கிலோ 1864 மார்ச்சிலேயே தளபதி யுலிசிஸ் கிராண்ட் கைக்கு எல்லாப் படைகளும் வந்துவிட்டன.

ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்போமாட்டாக்ஸில் லீயோடு சரணடைந்தவர்கள் சுமார் 28,000 பேர். மறுநாள் காலை கிராண்டும் லீயும் குதிரை மேல் அமர்ந்தபடியே பேசினார்கள். மற்ற படைகளையும் சரணடையச் சொல்லுங்கள் என்று கிராண்ட் கேட்டார். அதிபரைக் கலக்காமல் முடியாது என்று லீ மறுத்துவிட்டார். இதைக் கிராண்டே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு தென்மாநிலத் தளபதியான ஜான்ஸ்டன் ஏப்ரல் 26 அன்று சரணடைந்தார். தென்மாநிலப் பக்கம் போரிட்ட செரோக்கிப் பழங்குடித் தலைவர் ஸ்டாண்ட் வாட்டி ஜூன் 23 அன்றுதான். இடையில், மே 12, 13 தேதிகளில் டெக்சாஸின் பால்மிட்டோவில் சண்டையே நடந்தது. போர் முடிந்தாயிற்று என்று நாம் படிக்கும் நாட்களில் அங்கே உயிர் போயிருக்கிறது.