புரட்டிய கட்டையைத் திருப்பி வையுங்கள்

காட்டில் ஒரு குழந்தை உதைத்துப் புரட்டிய மரக்கட்டைக்காக நான் சத்தம் போடும் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இல்லாவிட்டால் மூன்று நாளாக எனக்கு இத்தனை அறிவுரை வந்திருக்காது. நான் குழந்தையைத் திட்டவில்லை. குழந்தையின் அப்பாவிடம்தான், "அந்தக் கட்டையைப் பழையபடி வைத்துவிடுங்கள்" என்று சொன்னேன். முதல் இரண்டு முறை மெதுவாகச் சொன்னது வீடியோவில் இல்லை. மூன்றாவது முறை சொன்னது மட்டும் இருக்கிறது. யார் எடுத்தது, எங்கே வெட்டியது என்பதையெல்லாம் நான் கிளறப் போவதில்லை.

பயணமே என் யோசனைதான். கலிஃபோர்னியாவில் சாலமாண்டர் (பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்குச் சொந்தம்) பார்க்க வேண்டுமானால் மழை பெய்கிற குளிர்காலத்தில்தான் போக வேண்டும். கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது அவை ஆழத்தில் பதுங்கிவிடும். முதல் நல்ல மழைக்குப் பிறகுதான் மேலே வரும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சான் ஹோசேயிலிருந்து மெண்டொசினோவுக்கு நான்கு கார்களில் போனோம். வழி முழுக்க மழை. எல்லோரும் அதைச் சபித்தார்கள். நான் மட்டும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு சந்தோஷமாக வந்தேன். கேபினுக்குப் பின்னால் இருந்த காட்டில் தேடிப் பார்க்க உரிமையாளர் முன்பே சம்மதித்திருந்தார். சம்மதம் வாங்கியதும் நான்தான். இதை யாரும் எங்கும் எழுதவில்லை, பரவாயில்லை.

ஒரு கட்டைதானே என்கிறீர்கள். அதன் அடியில் இருந்தது என்சட்டினா என்ற சாலமாண்டர். அதற்கு நுரையீரலே கிடையாது. தோலால்தான் மூச்சு விடுகிறது; தோல் ஈரமாக இருக்கும்வரைதான் அந்த மூச்சும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் கிடந்து மண்ணோடு ஒட்டிப்போன கட்டைக்குக் கீழேதான் அந்த ஈரம் தங்கும். அதை ஷூக் காலால் உதைத்துப் புரட்டி அப்படியே விட்டுவிட்டால், இரண்டு நாள் வெயிலில் அந்த மண் வீட்டுத் திண்ணையைப் போலக் காய்ந்துவிடும். இன்னொரு இனம் உண்டு, மண்புழு என்றே நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம், அவ்வளவு ஒல்லி. உற்றுப் பார்த்தால் நான்கு குட்டிக் கால்கள் தெரியும். அது முட்டையிடுவதே இந்த மழை மாதங்களில்தான். பல பெண் சாலமாண்டர்கள் ஒரே கட்டையின் அடியில் இடுவதும் உண்டு. நாம் உதைத்த கட்டைக்கு அடியில் இருந்ததா? யாராவது குனிந்து பார்த்திருந்தால் அல்லவா தெரியும்!

அந்த என்சட்டினாவின் அறுந்த வால் துடித்தபோது எல்லோரும் பல்லி, பல்லி என்று சிரித்தீர்கள். என்சட்டினா உணவில்லாத கோடைக்காகக் கொழுப்பைச் சேர்த்து வைப்பது அந்த வாலில்தான். மறுபடி வளரும், வளராமல் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பைப் பிடுங்கிவிட்டு "மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாமே" என்று சொல்லிப் பாருங்கள்.

"நீயும்தானே கட்டை புரட்டினாய்" என்கிறார் ஒருவர். புரட்டினேன். இரண்டு கையாலும் என் பக்கமாகத் தூக்கி, பார்த்து, கட்டையை அதே பள்ளத்தில் இறக்கிவிட்டு, சாலமாண்டரைப் பக்கத்தில் விட்டேன். அதுவே உள்ளே ஊர்ந்து போகும். அதன் தலையில் கட்டையைப் போடக் கூடாது. இரண்டும் ஒன்றா?

"இந்தப் பக்கத்து ரெட்வுட் மரக் காடுகளில் பெரும்பகுதியையே வெட்டி விற்றுவிட்டார்கள், நீ ஒரு கட்டைக்கு அழுகிறாய்" என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மைதான். ஆனால் வெட்டியவர்கள் என்னோடு காரில் வரவில்லை, என் முறுக்கைச் சாப்பிடவில்லை.

"குழந்தைக்கு ஆறு வயது." ஆமாம், அவன் அப்பாவுக்கு நாற்பத்தொன்று.

இதில் ஒருவர் 'அரணை கடித்தால் மரணம்' என்று வேறு பயமுறுத்தினார். அரணையும் கடிக்கவில்லை, இது அரணையும் இல்லை. நம் ஊர்ப் பக்கம் சாலமாண்டரே கிடையாது. இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங் மாதிரி கிழக்கு இமயமலைப் பக்கம் போக வேண்டும். அதனால் தெரியாதது தப்பில்லை. உண்மையிலேயே விஷமுள்ளது மறுநாள் ஓடைக்கரையில் நாம் பார்த்த நியூட், அதுவும் ஒரு வகைச் சாலமாண்டர்தான். பஃபர் மீனில் இருக்கிற அதே விஷம். 1979-இல் ஆரிகனில் 29 வயது ஆள் ஒருவர் பந்தயத்துக்காக ஒன்றை விழுங்கிவிட்டு இறந்தே போனார். அதை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பயம் இருக்கிற இடத்தில் மரியாதை தானாக வந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் ஓர் ஐப்பசியில் ஓடு மாற்றுவதற்காகக் கூரையைப் பிரித்தார்கள். ஆள் சாப்பிடப் போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அரிசி மூட்டை, என் பாடப் புத்தகங்கள், பாட்டியின் படுக்கை எல்லாம் நனைந்தன. விடியும்வரை எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எங்களைப் பார்த்துத் தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பெர்க்லி அருகே டில்டன் பூங்காவில் நியூட்டுகள் குளத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு ரோட்டையே மூடி வைக்கிறார்கள். ஐந்து மாதம்! காரில் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நான் ரோட்டை மூடச் சொன்னேனா? கட்டையைத் திருப்பி வையுங்கள் என்றேன். பத்து விநாடி வேலை.

அன்றிரவு அந்தக் கட்டையைத் தூக்கித் தீக்குழியில் போட்டார்கள். ஈரக்கட்டை எரியவில்லை, புகைந்து எல்லோருடைய கண்ணையும் கரித்தது. எனக்கு அதில் கொஞ்சம் திருப்திதான், மறைக்கவில்லை. காலையில் என் மகளோடு போய்ப் பார்த்தேன். கட்டை கிடந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. வேறு ஒன்றும் இல்லை.

சேர்ந்து பயணம் போகும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு இப்போது 'பல்லி ஆன்ட்டி' என்று பெயர். பதினோரு வருடப் பழக்கம். அந்தக் குழந்தையின் வீட்டுப் பிரசவத்துக்கு ஒரு வாரம் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அப்போது வெறும் அக்காவாக இருந்தேன். பிப்ரவரிப் பயணத்துக்குத் தனியாக ஒரு குழு தொடங்கியிருக்கிறார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை; என் மகளுக்கு அவள் தோழி சொன்னாள்.

நேற்று அந்தக் குழந்தையின் அப்பாவே போன் செய்தார். வீடியோவைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நினைத்தேன். இரவு நடைக்கு என் தலைவிளக்குகள் இரண்டும் இரவலாக வேண்டுமாம். கொடுத்துவிட்டேன். பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.